பாக்கிப் பதினெட்டு நிமிடம்

அரிசி ஆலை முதலாளி ஒருவர் கால்பந்துக் கோப்பைக் கமிட்டிக்குத் தலைவராவதற்குக் கால்பந்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் அது ஒரு குறையாகவே யாருக்கும் படவில்லை. கார் இருந்தது, வெள்ளைச் சட்டை இருந்தது, மந்திரியின் மைத்துனரை ‘மாப்ளே’ என்று கூப்பிடும் உரிமை இருந்தது. இதற்கு மேல் ஒரு தலைவருக்கு என்ன வேண்டும்?

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதம். அகில இந்திய அளவில் நடக்கும் ஒரு கோப்பையின் இறுதி ஆட்டம் மட்டும் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. மற்ற ஆட்டங்கள் எல்லாம் வேறு வேறு ஊர்களில் முடிந்திருந்தன. இது எப்படி இங்கே வந்தது என்று விளையாட்டுத் தெரிந்த யாருக்கும் தெரியாது. தலைவரும் மந்திரியின் மைத்துனரும் ஒரே காரில் சென்னைக்குப் போனார்கள். திரும்பி வரும்போது ஆட்டம் வந்துவிட்டது.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு ஹிந்தி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா சர்வே ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சீவலப்பேரிப் பக்கம் ஒரு காலத்தில் இருந்த வயல்கள் எல்லாம் போய், ‘வயல் இருந்த குடும்பம்’ என்ற பேச்சு மட்டும் எங்களிடம் மிஞ்சியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை கிடைக்காதா என்று நான் அலைந்துகொண்டிருந்த வருஷம் அது.

ஒருநாள் சாயங்காலம் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். பிள்ளைகள் எழுந்து ஒதுங்கி நின்றார்கள்.

“டீச்சரம்மா, ரெண்டு டீமும் வடக்கே உள்ள ஆளுவ. ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாதாம். நீங்கதான் வந்து பேசிக் குடுக்கணும்” என்றார்.

அப்பா காபி கொண்டுவரச் சொன்னார். தலைவர் சுவரில் தொங்கிய ஹிந்தி எழுத்து அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

“நானெல்லாம் அந்தக் காலத்துல ஜங்ஷன் போர்டுல இந்த எழுத்துமேல தார் பூசுன ஆளு, பாத்துக்கிடுங்க. அது கொள்கை. இது விருந்தாளி.”

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “ஜூன்ல நம்ம பள்ளிக்கூடம் தொறக்கோம்லா. ஹிந்திக்கு ஒரு ஆளு வேணும்” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, தெருவைப் பார்த்துச் சொன்னார். எனக்கும் அப்பாவுக்கும் நன்றாகவே கேட்டது.

இரண்டு அணிகளும் வங்காளத்தில் ஒரே ஊரைச் சேர்ந்தவை. ஒன்று சணல் ஆலைத் தொழிலாளிகள் தொடங்கிய கிளப். இன்னொன்று துறைமுகத் தொழிலாளிகளுடையது. மூன்று தலைமுறையாகப் பகை. ஒரு கிளப்பைச் சேர்ந்த குடும்பம் மற்றக் கிளப் குடும்பத்தில் பெண் எடுக்காதாம். இதையெல்லாம் நான் அவர்கள் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். கமிட்டிக்கு அதற்குப் பிறகும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இரண்டு அணிகளையும் ஒரே கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருப்பார்களா?

மண்டபம் கமிட்டிச் செயலாளருடையது. அவர் தலைவரைவிட ஒரு படி மேல். தலைவருக்குத் தனக்குக் கால்பந்து தெரியாது என்றாவது தெரியும். செயலாளர், “ரெண்டு டீமு, ரெண்டு ரூமு. கணக்கு சரியா இருக்குல்லா?” என்றார். அந்த இரண்டு அறைகளின் கதவிலும் வண்ண எழுத்தில் எழுதியிருந்தது. ஒன்றில் மணமகன் அறை, மற்றதில் மணமகள் அறை.

துறைமுக அணியின் கேப்டன் அந்த எழுத்துகளைக் காட்டி என்னவென்று ஹிந்தியில் கேட்டார். முப்பத்தைந்து வயதை நெருங்கிய ஆள், மூக்கு ஒருமுறை உடைந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது. நான் மொழிபெயர்க்க வந்தவள் அல்லவா? மொழிபெயர்த்தேன். அதன் பிறகு நாற்பது நிமிடம் ஒருவரும் மணமகள் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. இரண்டு அணியும் பெட்டிகளோடு கூடத்தில் நின்றன. செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “என்னம்மா, இதையெல்லாமா சொல்லுவீங்க? ஆபீஸ் ரூமுன்னு சொல்லிருக்கக் கூடாதா?” என்று கடிந்துகொண்டார்.

கடைசியில் காசு சுண்டிப் போட்டார்கள். சணல் அணி தோற்றது. அவர்களுடைய கேப்டன் சிறிய உருவம், மீசை சரியாக முளைக்காத முகம். தன் பெட்டியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து அந்தக் கதவு எழுத்தின்மேல் ஒட்டிவிட்டு, தலை நிமிர்ந்து உள்ளே போனான்.

அடுத்தது சாப்பாடு. செயலாளரின் மண்டபத்தில் முட்டைகூட ஏறாது. நாங்களும் சைவம்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தொண்ணூறு நிமிடம் ஓடப்போகிற வங்காளிகளுக்கு இலை போட்டு, தேங்காய்ப்பாலில் சொதி வைத்து, இஞ்சிப் பச்சடியோடு பரிமாறிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்து ஆனந்தப்பட எங்கள் செயலாளரால்தான் முடியும்.

“மறுவீட்டுச் சாப்பாடும்மா இது. மாப்பிள்ளைக்குப் போடுதது. சொல்லுங்க அவங்ககிட்ட” என்றார்.

சொன்னேன். துறைமுகக் கேப்டன் ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டு, மரியாதைக்கு மென்றார். பிறகு மெதுவாக, “ஆறு இருக்கிற ஊர்தானே? மீன் இருக்குமே?” என்று கேட்டார்.

செயலாளரிடம் அதை நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்கும் கொஞ்சம் அறிவு வந்திருந்தது. மறுநாள் பகலில் ஒரு வேனைப் பிடித்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மெஸ்ஸுக்கு அவர்களைக் கூட்டிப்போனேன். பிறந்ததிலிருந்து நான் ஏறாத படி அது. ஆற்றுக் கெண்டை பொரித்து வைத்திருந்தார்கள். துறைமுக அணி பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சணல் அணி தாங்களாகவே இரண்டு ஆட்டோவில் வந்து இறங்கியது. எப்படி மோப்பம் பிடித்தார்களோ. இரண்டு அணியும் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், அந்த மெஸ்ஸின் மீனையெல்லாம் தின்று தீர்த்தார்கள். நான் வாசல் பக்கம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு நாட்களில் கமிட்டியின் பெயரால் நடந்த உருப்படியான ஒரே காரியம் அதுதான். அதுவும் கமிட்டிக்குத் தெரியாமல் நடந்தது.

ஆட்டம் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு என்று சுவரொட்டியில் போட்டிருந்தது. மூன்று மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. ஏரலில் இருந்தும் தூத்துக்குடியில் இருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அந்த ஜனங்களுக்குக் கால்பந்து தெரியும். தெரிந்தவர்கள் வெயிலில் கட்டாந்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தெரியாதவர்களுக்கு நிழலில் சோபா.

மேடையும் பந்தலும் மைதானத்தின் ஒரு மூலையை விழுங்கி நின்றன. பந்தலின் கால் ஒன்று, கார்னர் கொடி இருக்க வேண்டிய இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நட்டிருந்தது. லைன்ஸ்மேன்களில் ஒருவர் ஏரல்காரர், அங்கே ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். அவர் செயலாளரிடம் போய்ச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“அண்ணாச்சி, இந்தக் காலு நின்னா இங்கனயிருந்து கார்னர் அடிக்க முடியாது.”

“மூணு மூலை பாக்கி இருக்குல்லா வே? அங்கன அடிக்கச் சொல்லும்” என்றார் செயலாளர்.

நாலு மணி ஆனது. மந்திரி வரவில்லை. இரண்டு அணியும் வெயிலில் வரிசையாக நின்றார்கள், உட்கார்ந்தார்கள், திரும்ப எழுந்து நின்றார்கள். நாலரைக்கு ஜனங்கள் விசிலடிக்கத் தொடங்கினார்கள். தலைவர் ஒலிபெருக்கியில், “மாண்புமிகு அமைச்சர் அவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்” என்று பத்துத் தடவை சொன்னார். துறைமுகக் கேப்டன் என்னிடம் சூரியனைக் காட்டி, “இங்கே விளக்கு உண்டா?” என்று கேட்டார். மைதானத்தில் விளக்கு கிடையாது. பந்தலில்தான் சீரியல் பல்பு போட்டிருந்தார்கள்.

ஐந்தேகால் மணிக்குத்தான் ஆட்டம் தொடங்கியது. அதற்கு முன் சரவெடி, சால்வை, மந்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தை ஒரு தட்டுத் தட்டியது எல்லாம் நடந்தது. அந்தப் பந்து நாலடி உருண்டு நின்றதற்கு மேடையில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஆட்டத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியாது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது உண்மை. சணல் அணியின் அந்தச் சின்னக் கேப்டன் பந்தோடு ஓடும்போது தரையில் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சாக எழுந்தது. முதல் பாதியில் அவன் ஒரு கோல் போட்டான். இடைவேளையை மூன்று நிமிடமாகச் சுருக்கினார்கள். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் துறைமுக அணி ஒன்று போட்டுச் சமன் செய்தது. அதற்குள் மேற்கே வெளிச்சம் போய்விட்டது. ஆறரை மணிக்கு, பெங்களூரில் இருந்து வந்திருந்த நடுவர் விசிலை ஊதிக் கையை விரித்தார். பந்து தெரியவில்லை. இன்னும் பதினெட்டு நிமிடம் பாக்கி.

மறுநாள் தொடரலாம் என்றார் நடுவர். யோசனை சரியானதுதான். ஆனால் மந்திரிக்குத் திசையன்விளையில் ஒரு வியாபாரி வீட்டுக் கல்யாண வரவேற்பு இருந்தது. மந்திரி கையால் கோப்பை கொடுக்காமல் விட்டால் தலைவருக்கு அந்தக் கோப்பை எதற்கு?

அவர் என்னை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“டீச்சரம்மா, ரெண்டு பேரும் ஜெயிச்சதா வச்சுக்கிடுவோம். கேப்டன்மாருட்ட போய்ச் சொல்லுங்க.”

“அவங்க ஒத்துக்கிடமாட்டாங்க” என்றேன். “ஒருத்தரோட ஒருத்தர் பங்கு போடுதவங்க இல்ல அவங்க.”

“இந்தாளுட்ட போயி, அந்தாளு சரின்னுட்டாருன்னு சொல்லுங்க. அந்தாளுட்ட போயி, இந்தாளு சரின்னுட்டாருன்னு சொல்லுங்க. ரெண்டு பக்கமும் சொல்லிட்டா ரெண்டும் உண்மையாயிரும்லா?”

நான் நின்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “ஜூன்ல ஸ்கூல்ல சேரணும்லா நீங்க?” என்றார். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சொன்னார்.

தலைவரை ஏளனம் செய்ய எனக்குள்ள உரிமை அந்த இடத்தோடு முடிந்துபோனது. நான் போனேன். முதலில் சின்னவனிடம் சொன்னேன். அவன் நம்பாமல், “அவர்களா? அவர்களா ஒத்துக்கொண்டார்கள்?” என்று இரண்டு தடவை கேட்டான். “ஆமாம்” என்று இரண்டு தடவை சொன்னேன். துறைமுகத்து மூத்தவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், “நீங்கள் சொல்கிறீர்கள், சரி” என்றார். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்க முடியாதது.

மேடையில் ஆளுக்கொரு கைப்பிடியாகக் கோப்பையைப் பிடித்து நிற்கச் சொன்னார்கள். தலைவர் ஒலிபெருக்கியில், “ஒற்றுமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு” என்று முழங்கினார். கூட்டம் ஊளையிட்டது. அந்தச் சத்தத்தின் நடுவே மூத்தவர் தலையைத் திருப்பாமல் வங்க மொழியில் ஏதோ கேட்டார். சின்னவன் பதில் சொன்னான். எனக்கு அந்த மொழி தெரியாது; என்றாலும், ஹிந்திச் சாயலை வைத்து ‘நீங்கள்தானே முதலில்’ என்பது மட்டும் புரிந்தது. பிறகு இரண்டு பேரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். புகைப்படக்காரர் அப்போதுதான் படம் எடுத்தார்.

மந்திரி போனதும் கோப்பையைத் தலைவர் தன் காரில் ஏற்றிக்கொண்டார். பெயர் பொறிக்க வேண்டுமாம். பெங்களூர் நடுவர் அன்றைய ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். மறுநாள் காலை அணிகளுக்கு ஒன்பது மணிக்கு ரயில் என்ற தகவலைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும்படி எனக்கு உத்தரவு.

மண்டபத்தில் மாடிப்படிப் பக்கம் கேப்டன்கள் இரண்டு பேரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையில் கேட்ட அந்த ஒரு கேள்வி பதிலைத் தவிர, அவர்கள் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரயில் நேரத்தைச் சொன்னேன். பிறகு, “நான் சொன்னது பொய். இரண்டு பேரிடமும் சொன்னது பொய்” என்றேன்.

“தெரியும்” என்றார் மூத்தவர். பரவாயில்லை என்று சொல்லவில்லை. எதற்காகச் சொன்னாய் என்றும் கேட்கவில்லை. சின்னவன் பக்கம் திரும்பி, “எவ்வளவு பாக்கி?” என்றார்.

“பதினெட்டு.”

“விடிந்ததும் போதுமான வெளிச்சம் வருமா இங்கே?” என்று என்னிடம் கேட்டார். வரும் என்றேன். “அப்படியானால் ஒரு நடுவர் வேண்டும். அது உங்கள் பொறுப்பு.”

ஏரல் ஆசிரியர் பாளையங்கோட்டையில் தன் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். நேராக அங்கே போனேன். அவர் இட்லி தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

“பதினெட்டு நிமிசந்தானே டீச்சர்? வாரேன். கொடியக் கையில வச்சுக்கிட்டு அந்தக் கூத்தை நானும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கமிட்டிக்குத் தெரிஞ்சா?” என்று கேட்டார்.

“தெரிஞ்சா என்னைத்தான் கேப்பாங்க” என்றேன். அந்த அளவுக்காவது எனக்குத் தைரியம் மிச்சம் இருந்தது.

காலை ஆறேகாலுக்கு இரண்டு அணிகளும் மண்டபத்திலிருந்து சாலையின் இரண்டு ஓரமாக மைதானத்துக்கு நடந்து போனார்கள். பந்தல்காரர்கள் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வெடிக்காகிதம் புல் முழுவதும் சிவப்பாகக் கிடந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த நாலைந்து பேர், பால் கேனோடு சைக்கிளில் போனவர்கள், பந்தல்காரர்கள், நான். மொத்தம் முப்பது பேர் இருப்போம். ஏரல் ஆசிரியர் தன் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பந்தை நடுவில் வைத்து விசில் ஊதினார்.

அந்தப் பதினெட்டு நிமிடமும் ஒருவரும் விட்டுக்கொடுத்து ஆடவில்லை. முந்தின நாள் மந்திரிக்கு முன்னால் ஆடியதைவிட ஆவேசமாக ஆடினார்கள். சின்னவன் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது பந்தல்காரர் ஒருவர் ஏணியின் மேலிருந்து, “ஏலே, போச்சே!” என்று தலையில் கைவைத்தார். மூத்தவருக்கு முழங்காலில் அடிபட்டு ரத்தம் வந்தது. கட்டிக்கொள்ளக்கூட வெளியே வரவில்லை. கடைசியில் கோல் மிகவும் அசிங்கமாக விழுந்தது. கோல் கம்பத்துக்கு எதிரில் ஏழெட்டுப் பேர் விழுந்து புரண்ட கூட்டத்தில், துறைமுகத்து ஆள் ஒருவனின் முட்டியில் பட்டு, பந்து தானாக உருண்டு கோட்டைத் தாண்டியது. இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அதுவும் போனது. ஏரல் ஆசிரியர் விசிலை நீளமாக ஊதினார். துறைமுகம் இரண்டு, சணல் ஒன்று.

சின்னவன் அந்த வெடிக்காகிதத்தின்மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். யாரும் தேற்றவில்லை. ஜெயித்தவர்களும் குதிக்கவில்லை, மூச்சு வாங்க நின்றார்கள். பிறகு சின்னவன் எழுந்து போய் மூத்தவருக்குக் கை கொடுத்தான். திரும்பும்போது என் முன்னால் நின்றான்.

“யாராவது கேட்டால் நாங்கள் தோற்றோம் என்று சொல்லுங்கள். பாதி ஜெயித்தோம் என்று சொல்லாதீர்கள்” என்றான்.

அன்றைக்கே தலைவருக்குச் செய்தி போய்விட்டது. அவர் கூப்பிட்டு நான் ஆலைக்குப் போய் நின்றபோது மேஜையில் பத்திரிகை விரித்திருந்தது. படத்தில் மந்திரி, தலைவர், செயலாளர். கேப்டன்களுடைய, கோப்பையைப் பிடித்திருந்த இரண்டு கைகள் மட்டும் ஓரத்தில் விழுந்திருந்தன.

“யாரைக் கேட்டு வெளாண்டானுவ?” என்றார்.

“யாரையும் கேக்கல. துறைமுகம் ஜெயிச்சுட்டு.”

“மந்திரி இல்ல, மேடை இல்ல, மாலை இல்ல. அது என்னத்த பைனல்? செல்லாது. நீங்க இதை வெளிய பேசாதீங்க டீச்சரம்மா. ஜூன்ல வந்து சேந்துருங்க.”

என்மேல் கோபப்படும் அளவுக்குக்கூட அவர் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. இதை எழுதும்போது, அந்த வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உதறவில்லை. ஜூனில் போய்ச் சேர்ந்தேன். ஒன்பது வருஷம் அங்கே பாடம் நடத்தினேன். முதல் மாதச் சம்பளத்தை அப்பா சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

மறு வருஷம் கமிட்டி உடைந்துபோனது. அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது என்று தலைவருக்கும் செயலாளருக்கும் சண்டை. அதன் பிறகு எந்தக் கோப்பையும் எங்கள் ஊருக்கு வரவில்லை. கோப்பைகளுக்கு நல்ல காலம்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு ஏரல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நடுவழியில் அந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஏறினார். என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார்.

“நல்லவேளை டீச்சர். ஒரு மாசமா வச்சுக்கிட்டு அலையுதேன். ஹிந்தில எழுதியிருக்கு. வாசிச்சுச் சொல்லுங்க.”

மூத்த கேப்டன் எழுதியிருந்தார். ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். முழங்கால் மழைக்காலத்தில் வலிக்கிறதாம். அந்தக் காலை ஆட்டத்தைப் பற்றித் தன் கிளப்பில் சொல்லி, சுவரில் இருக்கும் பெயர்ப்பலகையில் ‘வெற்றி’ என்று எழுதச் சொன்னாராம். கிளப் கமிட்டி மறுத்துவிட்டதாம். அதிகாரபூர்வமான காகிதம் இல்லையே என்றார்களாம். சணல் கிளப்பின் சின்னக் கேப்டனே நேரில் வந்து, ஆமாம், நாங்கள் தோற்றோம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். ‘கமிட்டிக்காரர்களை உங்கள் ஊரில்தான் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கேயும் அதே சரக்குதான்’ என்று எழுதியிருந்தார்.

ஏரல் ஆசிரியர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“வேற என்ன எழுதியிருக்காரு?”

“உங்க கடிகாரம் ஒரு நிமிசம் மெதுவா ஓடுதாம். அன்னைக்குப் பதினெட்டுக்குப் பத்தொம்பது நிமிசம் ஆட வச்சுட்டீங்களாம். அதைச் சரி பண்ணச் சொல்லி எழுதியிருக்காரு.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அன்னைக்கு நான் அதைக் கவனிக்கவே இல்லையே டீச்சர்” என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டு.